ஹஜ்ஜுப் பெருநாள் ஏப்ரலுக்கு வருகிறது, எமது குடா தாங்குமா?



கொஞ்சம் நீளமான பதிவு. கிண்ணியா, மூதூர், தோப்பூர், தம்பலகாமம் பக்கத்துச் சொந்தங்கள் பொறுமையாக வாசிக்க வேண்டும். உழ்ஹிய்யாக் கழிவைப் பற்றிய பேச்சு என்பதால் சிலருக்குக் கசக்கும். பெருநாளுக்கு முதல் நாள் பேசினால் யாருக்கும் கேட்காது. பெருநாளுக்கு மறுநாள் பேசினால் பயனில்லை. அதனால் இப்போதே பேசுகிறோம்.

விஷயம் இதுதான். எமது நாட்காட்டி சந்திரனோடு போகிறது. எமது குடாவின் நாட்காட்டி சூரியனோடும் காற்றோடும் போகிறது. இரண்டும் ஒவ்வொரு வருடமும் ஏறத்தாழ 11 நாட்கள் விலகுகின்றன. 2020 இல் ஹஜ்ஜுப் பெருநாள் ஓகஸ்ட் தொடக்கத்தில் வந்தது. 2023 இல் ஜூன் இறுதி. 2025 இல் ஜூன் 7. இனிக் கணக்குப் பார்த்தால் 2028 இல் மே முதல் வாரம், 2029 இல் ஏப்ரல் 24 அளவில், 2030 இல் ஏப்ரல் 13 அளவில், 2031 இல் ஏப்ரல் தொடக்கம், 2034 இல் மார்ச் தொடக்கம். பிறையைப் பொறுத்து ஓரிரு நாள் முன்பின் ஆகலாம், போக்கு மாறாது.

அதாவது 2028 முதல் 2034 வரை வரும் ஏழு ஹஜ்ஜுப் பெருநாட்களும், கொட்டியாரக் குடாவும் அதை ஒட்டிய களப்புகளும் ஆகக் குறைவாக மூச்சுவிடும் வாரங்களில்தான் வந்து விழப்போகின்றன. கச்சான் அடிக்கும் ஜூலையில் தண்ணீருக்குள் போட்டதும், காற்றில்லாத ஏப்ரலில் போடுவதும் ஒன்றல்ல. ஏன் என்று விளங்கினால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

குடா ஒரு தண்ணீர் இல்லை

கிண்ணியாப் பாலத்தில் நின்று பார்த்தால் தண்ணீர் எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். ஆனால் மேலே உள்ள தண்ணீரும் அடியில் உள்ள தண்ணீரும் பல மாதங்களில் ஒன்றோடொன்று சேராமல் தட்டுத்தட்டாக நிற்கின்றன.

நோன்பு துறக்கும் நேரம் மேசையில் இருக்கும் பலூடாக் கிளாஸை நினைத்துப் பாருங்கள். அடியில் சிவப்புச் சர்பத், மேலே பால். சர்பத்தில் சீனி கூட, அதனால் பாரம். பாரமானது கீழே, இலேசானது மேலே. கரண்டியைப் போட்டுக் கலக்கும்வரை அது அப்படியே நிற்கும்.

குடாவில் சீனியின் வேலையை உப்பும் சூடும் செய்கின்றன. ஒரு கனமீற்றர் நன்னீர் ஏறத்தாழ 1000 கிலோ. அதே அளவு கடல்நீர் 1020 கிலோவுக்கு மேல். எனவே கங்கைத் தண்ணீர் மேலே மிதக்கும், கடல்நீர் கீழே கிடக்கும். சூடும் அப்படித்தான். எமது கடலின் சூட்டில் 1 பாகை செல்சியஸ் கூடினால் ஒரு கனமீற்றரின் பாரம் ஏறத்தாழ 300 கிராம் குறையும். வெயில் மேல்நீரைச் சுடவைக்க, அது இலேசாகி மேலேயே தங்கிவிடும். 300 கிராம் என்பது ஒரு தொன்னில் ஒன்றுமே இல்லைப் போலத் தெரியும். ஆனால் கலக்க யாரும் இல்லாதபோது அந்த ஒன்றுமில்லாத வித்தியாசமே ஒரு மூடியாகிவிடுகிறது.

உலகத்தின் பல குடாக்களில் வற்றுப்பெருக்கு நாளுக்கு இரண்டு முறை பல மீற்றர் ஏறி இறங்கி, தண்ணீரை உரசிக் கலக்கிவிடுகிறது. எமது கரையில் அந்த வசதி இல்லை. பௌர்ணமி, அமாவாசை நாட்களில்கூடத் திருகோணமலைக் கரையின் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றரை எட்டாது. ஆகவே எமது கிளாஸுக்குக் கரண்டி காற்றுத்தான். காற்று எப்போது அடிக்கிறது, எந்தப் பக்கம் இருந்து அடிக்கிறது என்பதை வைத்துத்தான் குடாவின் அடித்தண்ணீர் வாழ்கிறது.

கரண்டியின் மூன்று காலங்கள்

முதலாவது வாடை. வடகீழ்ப் பருவப்பெயர்ச்சிக் காலம். ஐப்பசி, கார்த்திகை மழையோடு மலைநாட்டில் இருந்து 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி, மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் இடையில் மண்ணிறமாக வந்து குடாவில் இறங்கும். அந்த நேரம் தட்டு மிகத் தெளிவாக இருக்கும்: மேலே கலங்கிய இனிப்புத் தண்ணீர், கீழே தெளிந்த உப்புத் தண்ணீர். ஆனாலும் அடித்தண்ணீர் செத்துப்போவதில்லை. காரணம், மேலே உள்ள நன்னீர் குடாவை விட்டு வெளியே ஓட ஓட, போகும்போது கொஞ்சம் உப்புநீரையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தை நிரப்ப வெளிக்கடலில் இருந்து புதிய உப்புநீர் அடியால் உள்ளே வரும். மேலே வெளியே, கீழே உள்ளே என்று ஒரு சுற்று ஓடிக்கொண்டிருக்கும். அதோடு வாடைக்காற்றும் அலையும் வேறு. தட்டு இருக்கிறது, ஓட்டமும் இருக்கிறது.

இரண்டாவது கச்சான், சோளகம் என்று எமது மீனவர்கள் சொல்லும் தென்மேல் காற்று. மே கடைசியில் இருந்து செப்டெம்பர் வரை. மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு வெறும் சூடாக எமது பக்கம் இறங்கும் காற்று. பயிரைக் காயவைக்கும், கண்ணில் மண் அள்ளிப் போடும். ஆனால் குடாவுக்கு அது ஒரு நிஃமத். பூமி சுழல்வதால், காற்றுத் தள்ளும் மேல்நீர் எமது அரைக்கோளத்தில் காற்றின் வலப்பக்கமாக ஒதுங்கும். கிழக்குக் கரையில் தென்மேல் காற்றுக்கு வலப்பக்கம் என்பது வெளிக்கடல். மேல்நீர் வெளியே போக, அந்த இடத்துக்கு ஆழத்தில் இருந்து குளிர்ந்த நீர் எழுந்து வரும். அதே காலத்தில் இலங்கைக்குக் கிழக்கே வங்காள விரிகுடாவில் பெரிய சுழி ஒன்று உருவாகி ஆழ்நீரை மேலே தூக்குவதைக் கடலியலாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அந்த ஆழ்நீரில் ஒட்சிசன் குறைவுதான், ஆனால் சத்து அதிகம். மேலே வந்து வெயிலைக் கண்டதும் நுண்பாசி பெருகும், மீன் வரும். கச்சான் காலத்தில் கரண்டி ஓயாமல் சுற்றுகிறது.

மூன்றாவதுதான் நமது கவலை. மார்ச், ஏப்ரல். முதலாம் இடைப்பருவக் காலம். வாடை ஓய்ந்துவிட்டது, கச்சான் இன்னும் எழவில்லை. ஏப்ரல் 5 முதல் 15 வரையான நாட்களில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே நிற்கும். கங்கை மெலிந்து கிடக்கும், அதனால் அந்த மேலே வெளியே கீழே உள்ளே என்ற சுற்றும் தளர்ந்துவிடும். காலையில் கரைக்காற்றுக் கொஞ்சம், பகலுக்குப் பின் கடற்காற்றுக் கொஞ்சம், மற்ற நேரம் எண்ணெய் ஊற்றியது போலத் தண்ணீர். ஒன்றிரண்டு மீற்றர் ஆழமுள்ள இடங்கள் இரவில் மேல்நீர் ஆறும்போது ஓரளவு கலந்துவிடும். ஆழமான பள்ளங்கள், ஓடைகள், காற்றுப் படாத மூலைகள் நாட்கணக்கில் மூடியோடு கிடக்கும்.

தட்டு இருக்கிறது, ஓட்டம் இல்லை. இதுதான் ஏப்ரல். இனி எமது பெருநாள் வரப்போவதும் இங்கேதான்.

ஒரு மாடு, மூன்று வகுப்பறை

இனிக் கொஞ்சம் கணக்கு. படிப்பிக்கிறவர்களிடம் கதை கேட்டால் கணக்கும் சேர்ந்துதான் வரும்.

30 பாகைச் சூட்டில் ஒரு லீற்றர் கடல்நீர் காற்றில் இருந்து பிடித்து வைத்துக்கொள்ளக்கூடிய ஒட்சிசன் ஏறத்தாழ 6 மில்லிகிராம்தான். தண்ணீர் சூடாகச் சூடாக இந்த அளவு இன்னும் குறையும். அது 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்களுக்கு அங்கே இருக்க முடியாது. மேல்நீருக்குக் காற்றில் இருந்தும் பாசியின் ஒளித்தொகுப்பில் இருந்தும் ஒட்சிசன் கிடைக்கும். மூடிக்குக் கீழே உள்ள நீருக்கு இரண்டுமே இல்லை. இருப்பதை வைத்துத்தான் அது நாட்களைக் கடத்த வேண்டும்.

அதற்குள் கழிவு விழுந்தால்? கழிவை உக்கவைக்கும் பற்றீரியாவுக்கு ஒட்சிசன் வேண்டும். குளுக்கோசின் சமன்பாட்டைச் சாதாரண தரப் பிள்ளைகளே எழுதுவார்கள்: 180 கிராம் குளுக்கோசுக்கு 192 கிராம் ஒட்சிசன். அதாவது உலர்ந்த சேதனப் பொருள் 1 கிலோ உக்குவதற்கு ஏறத்தாழ 1 கிலோ ஒட்சிசன். ஒரு கனமீற்றர் தண்ணீரில் இருப்பதோ 6 கிராம். ஆகவே 1 கிலோ உலர்ந்த கழிவு, 160 கனமீற்றருக்கும் அதிகமான தண்ணீரின் முழு ஒட்சிசனையும் உறிஞ்சிவிடும்.

அறுத்த மாட்டின் இரைப்பைக்குள் மட்டும் பல பத்துக் கிலோ கிடக்கும். பெரும்பகுதி தண்ணீர் என்பதால் உலர்ந்த பொருள் 4 கிலோ என்று குறைத்தே வைப்போம். அதிலும் பாதிதான் உக்கும் என்று வைப்போம். அப்படியும் 330 கனமீற்றர் தண்ணீர் மூச்சிழக்கும். நீளம் 6 மீற்றர், அகலம் 6 மீற்றர், உயரம் 3 மீற்றர் உள்ள வகுப்பறைகள் மூன்றைத் தரையில் இருந்து கூரைவரை தண்ணீரால் நிரப்பினால் எவ்வளவோ அவ்வளவு. ஒரு மாட்டுக்கு மட்டும். குடல், இரத்தம், தலை, கொழுப்பு எதையும் சேர்க்கவில்லை. ஒரு மஹல்லாவில் எத்தனை மாடு, நான்கு நாட்களில் ஊர் முழுக்க எத்தனை என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

கச்சான் காலத்தில் இந்த வகுப்பறைகளுக்குக் காற்று வந்து புதுத் தண்ணீர் கொடுக்கும். ஏப்ரலில் கதவு, யன்னல் எல்லாம் பூட்டிக் கிடக்கும். ஒட்சிசன் தீர்ந்த பிறகு வேறு வகைப் பற்றீரியா வேலையைத் தொடங்கும். ஐதரசன் சல்பைட்டு வரும். கூழ்முட்டை நாற்றம் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறோமே, அதுதான். அது நாற்றம் மட்டும் இல்லை, மீனுக்கு நஞ்சு.

யார் முதலில் சாகிறார்கள்?

ஓடத் தெரிந்த மீன் ஓடிவிடும். அடியில் கிடப்பவை மாட்டிக்கொள்ளும். நண்டும் இறாலும் கெளிறும் மூச்சுக்காகக் கரைப்பக்கம் ஏறும். மட்டி, சிப்பிக்கு அதுவும் முடியாது. தம்பலகாமக் களப்பின் அடிச்சேற்றில் கண்ணாடி போன்ற மெல்லிய ஓடுள்ள சிப்பி வாழ்ந்ததும், அதில் இருந்து முத்து எடுத்ததும் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? அந்த முத்துத் தொழிலைப் பற்றி ஜேம்ஸ் ஹோர்னல் என்ற ஆய்வாளர் 1906 இல் தனியாக ஓர் அறிக்கையே எழுதினார். எமது அடித்தண்ணீர் ஒரு காலம் அறிக்கை எழுதும் அளவுக்குச் செல்வம் வைத்திருந்தது.

இந்தக் கோளாறு எமக்கு மட்டும் உரியதும் இல்லை. ஜப்பானின் டோக்கியோ குடாவில் கோடை முழுக்க அடித்தண்ணீர் மூச்சின்றிக் கிடக்கும். கோடை முடிவில் வடகீழ் காற்று மேல்நீரை வெளியே தள்ளியதும், அந்தச் செத்த தண்ணீர் பால் கலந்த நீல நிறத்தில் கரையோரம் எழும். சிப்பிகள் கூட்டமாகச் சாகும். அவர்கள் அதற்கு நீலப்பெருக்கு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மொபைல் குடா என்று ஒன்று. அங்கே கோடை இரவுகளில், விடியுமுன், மெல்லிய கிழக்குக் காற்றும் ஏறும் பெருக்கும் சேரும்போது, ஒட்சிசன் குறைந்த அடித்தண்ணீர் கிழக்குக் கரையை நோக்கி ஒதுங்கும். அதற்கு முன்னால் நண்டும் இறாலும் தட்டை மீனும் கரையில் வந்து குவியும். சனங்கள் வாளியோடு ஓடுவார்கள். தலைமுறை தலைமுறையாக அதைக் கொண்டாட்டம் போலப் பார்க்கிறார்கள். எந்தக் காற்றில், எந்த நேரம், எந்தக் கரையில் என்று அவர்களுக்குத் தெரியும். எமக்கும் தெரிய வேண்டும் என்பதுதான் கேள்வி.

நஞ்சு யார் போட்டது?

தெரியாவிட்டால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். களப்பில் மீன் செத்து மிதந்தால் பத்து நிமிடத்தில் வட்ஸ்அப்பில் படம் வரும். அரைமணி நேரத்தில் தீர்ப்பு வரும். அந்த ஊரான் மருந்து அடித்துவிட்டான், இந்தக் கரையான் நஞ்சு கலந்துவிட்டான். இந்தக் குடாவில் முஸ்லிம் மீனவரும் தமிழ் மீனவரும் சிங்கள மீனவரும் ஒரே தண்ணீரில் வலை போடுகிறார்கள். முப்பது வருட யுத்தம் பார்த்த மண்ணில் ஒரு வொயிஸ் மெசேஜ் என்ன செய்யும் என்பதை எம்மைப் போன்றவர்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. செத்த மீனுக்குச் சாட்சி இல்லாமல் ஆள் தேடுவது பழி சுமத்துவது. அது என்ன பாவம் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

நாள்கணக்கில் காற்றே இல்லாமல் இருந்து, பின்னேரம் ஓர் இடிமழையோடு பலத்த காற்று வந்து, மறுநாள் சுபஹுக்கு மீன் மிதந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது மூடி திறந்து அடித்தண்ணீர் மேலே வந்ததைத்தான். உண்மையாகவே யாராவது நஞ்சு போட்டிருக்கவும் கூடும். இரண்டையும் பிரித்து அறிய ஒரே வழி அளந்து பார்ப்பது. அளப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. இரவு முழுக்கப் பாசியும் மீனும் பற்றீரியாவும் மூச்சுவிட, ஒட்சிசன் ஆகக் குறைவது விடியுமுன். வெயில் ஏறினால் பாசி மீண்டும் ஒட்சிசன் கொடுக்கத் தொடங்கும். காலை பத்து மணிக்கு வந்து, கரையில் நின்று, மேல்நீரில் ஒரு வாளி அள்ளிப் பார்த்தால் எல்லாம் நலம் என்றுதான் வரும். அந்த அறிக்கை பொய் இல்லை. அது மேல்தட்டைப் பற்றிய பத்து மணி உண்மை. மீன் செத்தது அடித்தட்டில், நாலரை மணிக்கு.

வரக்கூடிய பதில்கள்

கடல் பெரியது, எல்லாவற்றையும் விழுங்கும் என்பார்கள். வெளிக்கடல் பெரியதுதான். கழிவு வெளிக்கடலுக்குப் போவதில்லை. போட்ட மூலையிலேயே, ஏப்ரல் மாத மூடிக்குக் கீழே கிடக்கிறது.

கடல்நீர் தூய்மையானது என்று ஹதீஸ் இருக்கிறதே என்பார்கள். அது வுழூச் செய்வதற்கும் கடலில் இருந்து உண்பதற்கும் உரிய சட்டம் என்று படித்திருக்கிறோம். குப்பை கொட்ட அனுமதியாக அதை எந்த உஸ்தாதும் எமக்கு ஓதித் தரவில்லை. தேங்கி நிற்கும் தண்ணீரில் சிறுநீர் கழிப்பதைக்கூட நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஓடும் நீருக்கும் தேங்கிய நீருக்கும் உள்ள வித்தியாசத்தை மத்ரஸாவில் ஓதிய பிள்ளைக்கும் தெரியும். ஏப்ரலில் குடாவின் அடித்தண்ணீர் எந்த வகை என்பதை உலமாக்கள் சொல்லட்டும். ஃபத்வா கொடுப்பது எமது வேலை இல்லை. அந்தத் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்ற செய்தியைக் கொண்டுபோய்க் கொடுப்பது எமது வேலை.

முன்பும் பெருநாள் ஏப்ரலில் வந்ததுதானே என்பார்கள். வந்தது. 1996 முதல் 2001 வரை ஹஜ்ஜுப் பெருநாள் ஏப்ரலிலும் மார்ச்சிலும்தான் வந்தது. அன்று ஊரின் சனத்தொகை இன்றளவு இல்லை. இன்று பெருநாள் இல்லாத நாளிலும் கோழிக்கடைக் கழிவு, ஹோட்டல் கழிவு, மலசலகூடக் குழியின் கசிவு என்று களப்புக்குப் போய்ச் சேருவது எத்தனை!

மேலே வயல்களில் இருந்து வரும் உரத்தையும் மருந்தையும், மலைநாட்டில் இருந்து கங்கை அள்ளிவரும் அழுக்கையும் விட்டுவிட்டு எங்களைப் பிடிக்கிறீர்களே என்பார்கள். நியாயமான கேள்வி. உரத்தின் சத்துத்தான் பாசியைப் பெருக்கி, அந்தப் பாசி செத்து அடியில் விழுந்து, அதுவும் ஒட்சிசனைத் தின்கிறது. அதையும் கேட்க வேண்டும், உரக்கக் கேட்க வேண்டும். ஆனால் எமது கரையில் குடல் மிதக்கும்போது மகாவலியின் மேற்பக்கத்தாரிடம் எந்த முகத்தோடு கேட்பது? எமது கையில் இருப்பதை முதலில் சரி செய்தால் மற்றக் கேள்விக்குப் பலம் வரும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். இது உழ்ஹிய்யாவுக்கு எதிரான பேச்சு இல்லை. அப்படிப் பேச வேறு ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய நோக்கமும் வேறு. கடமையை அழகாகச் செய்ய வேண்டும் என்பதால்தான் இதைச் சொல்கிறோம். இறைச்சியை மூன்று பங்கு வைத்து, ஏழை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கும் கைதான் கழிவுச் சாக்கைப் பாலத்தடியில் தள்ளுகிறது. அறுக்கும் கத்தியைக் கூட்டிய பிறகுதான் பிராணியைக் கிடத்த வேண்டும் என்று இவ்வளவு நுணுக்கமாகச் சொன்ன மார்க்கத்துக்கு, அறுத்த பிறகு வரும் கழிவைப் பற்றி ஒன்றுமே இல்லை என்பது போல நடக்கலாமா?

என்ன செய்யலாம்?

முதலாவது, ஒவ்வொரு பள்ளிவாசல் நிர்வாகமும் பெருநாளுக்கு ஒரு மாதம் முன்பே தன் மஹல்லாவுக்கு ஒரு புதைகுழி இடத்தை முடிவு செய்ய வேண்டும். கண்ட இடத்தில் தோண்டக் கூடாது. கரையோர மணல் நிலத்தில் நிலத்தடி நீர் மிக மேலே இருக்கும். குழி தவறினால் களப்பைக் காப்பாற்றிக் கிணற்றைக் கெடுத்ததாகிவிடும். இடத்தையும் ஆழத்தையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூட்டிவந்து காட்டி முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது, இரைப்பைச் சாணத்தைக் குழிக்குள்ளும் போட வேண்டியதில்லை. அது பசளை. வைக்கோலோடும் இலைகுழையோடும் அடுக்கி மூடிவைத்தால் சில மாதங்களில் தோட்டத்துக்கு ஆகும். வயல் செய்கிறவர்களும் வீட்டுத்தோட்டம் செய்கிறவர்களும் எமது ஊரில் குறைவா? களப்பில் நஞ்சாகிற அதே பொருள் மண்ணில் சத்தாகிறது. மண்ணில் காற்றுப் போக இடமிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்றாவது, கழிவைச் சேர்க்க உழவு இயந்திரமும் ஆட்களும் நான்கு நாட்களுக்கும் வேண்டும். முதல் நாள் மட்டும் வந்து போனால் மிச்சம் மூன்று நாள் கழிவு பாலத்தடிக்குத்தான் போகும். நகர சபையும் பிரதேச சபையும் செய்யட்டும் என்று காத்திருக்காமல், உழ்ஹிய்யா கூட்டுக்குக் காசு சேர்க்கும்போதே ஒரு பங்குக்கு ஒரு சிறு தொகையைக் கழிவுச் செலவுக்கென்று சேர்த்து எடுங்கள். மாட்டின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு பொருட்டே இல்லை.

நான்காவது, பாடசாலைகள். விஞ்ஞான மன்றத்துப் பிள்ளைகளும் மீனவர் சங்கமும் சேர்ந்து ஒரு கொப்பி தொடங்கட்டும். வாரத்தில் ஒரு நாள், ஒரே இடம், சூரியன் உதிக்கும் முன். மேல்நீரின் சூடு, அடிநீரின் சூடு, காற்று எந்தப் பக்கம், தண்ணீரின் நிறம். அடிநீர் எடுக்கப் பெரிய கருவி தேவையில்லை. கல் கட்டிய போத்தல், தக்கை, தக்கையில் ஒரு நூல். அடியில் போனதும் நூலை இழுத்தால் தக்கை கழரும், அந்த ஆழத்துத் தண்ணீர் நிறையும். உடனே மேலே எடுத்து வெப்பமானியை விடுங்கள். ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்கி எந்த ஆழத்தில் மறைகிறது என்று பார்த்தால் கலங்கலும் தெரியும். பிள்ளைகள் பாதுகாப்பு அங்கியோடு, அனுபவமுள்ள மீனவரின் வள்ளத்தில், ஆசிரியரோடு மட்டுமே போக வேண்டும். மேலும் கீழும் ஒரே சூடு என்றால் அன்று வெயில் மூடி போடவில்லை. இரண்டு பாகை வித்தியாசம் என்றால் மூடி விழுந்துவிட்டது. 2028 க்கு முன் இரண்டு வருடக் குறிப்பு கையில் இருந்தாலே எந்த வாரம் ஆபத்து என்பதை எமது பிள்ளைகளே ஊருக்குச் சொல்வார்கள்.

ஐந்தாவது, மீன் செத்தால் யார் மீதும் சொல் போடுமுன் அந்தக் கொப்பியைப் பாருங்கள். ஒட்சிசன் அளக்க நாராவையோ கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபையையோ அழைக்கும்போது, விடியுமுன் வாருங்கள், அடித்தண்ணீரை எடுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்த ஊரை எந்த அதிகாரியும் இலேசாகத் திருப்பி அனுப்ப முடியாது.

ஸூரா அர்ரஹ்மானில் இரு கடல்களையும் அவற்றுக்கு இடையே உள்ள தடுப்பையும் பற்றி ஓதுகிறோம். அதே ஸூராவின் தொடக்கத்தில் தராசைப் பற்றியும், அதில் வரம்பு மீறாமல் இருப்பதைப் பற்றியும் ஓதுகிறோம். முதலாவதை விஞ்ஞான அற்புதம் என்று பகிர எமக்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இரண்டாவதைப் பாலத்தடியில் செய்து காட்டப் பத்துப் பேர் கிடைத்தால் போதும்.

இதை உங்கள் பள்ளிவாசல் தலைவருக்கும், உழ்ஹிய்யா கூட்டுச் சேர்க்கிறவருக்கும், கரைவலைச் சம்மாட்டிக்கும் அனுப்பிவிடுங்கள். அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு ஐந்து நிமிடம் இருந்து, புதைகுழிக்கு எந்தக் காணி என்ற ஒரு கேள்வியையாவது பேசி முடியுங்கள்.

அல்லாஹ் எமது உழ்ஹிய்யாவையும், அதற்குப் பிறகு நாம் செய்யும் துப்புரவையும் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.